டப்பாவுக்குள்ள மல்லிகை சீசனா?

இந்த வைகாசியில நான் போன மூணு கல்யாணத்துலயும் தாம்பூலப் பைக்குள்ள வாசனை மெழுகுவர்த்தி இருந்துச்சு. தேங்காய் ஒண்ணுலகூட இல்லை. வெற்றிலை பாக்கு ஒரு கல்யாணத்துல மட்டும் ஒப்புக்கு மடிச்சு வச்சிருந்தாங்க. மெழுகுவர்த்தின்னா கரண்டு போனா ஏத்துற வெள்ளைக் குச்சி இல்லை. சின்னக் கண்ணாடி டம்ளர், அதுக்குள்ள ஊத்தின மெழுகு, மேல ஒரு மூடி, மூடி மேல மல்லிகைப் பூ படம். கோடைகால மல்லிகையாம். பருவத்தோட நறுமணம் உங்க வீட்டுக்குள்ளயேன்னு அச்சடிச்சிருக்கு.

அதே வாரம் நிலக்கோட்டை மார்க்கெட்டுல எங்க குண்டுமல்லி கிலோ நூறு ரூபாய்க்குக் கீழே போச்சு. எடுப்புக் கூலி, வண்டி வாடகை, கமிஷன் எல்லாம் போக எனக்கு நின்ன காசு அந்த மூணு கல்யாணத்துக்கு மொய் எழுதவே காணலை. முகூர்த்தத்துக்கு முதல் நாள் விலை கொஞ்சம் ஏறும்தான், இல்லைங்கல. மறுநாள் பழையபடி விழுந்துரும். நாட்டுல பூ கொட்டிக் கிடக்குற மாசம், அதே மாசத்துல கல்யாணமும் நிறைய. வாசல்ல பன்னீர் தெளிச்சு, சந்தனம் நீட்டி, பொம்பளைங்களுக்கு ஆளுக்கு ரெண்டு முழம் பூ குடுத்த இடத்துல, இப்ப பூவோட படத்தைக் குடுத்து அனுப்புறாங்க. எனக்கு இதுதான் பொறுக்கலை.

மெழுகுவர்த்தி மேல எனக்குப் பகை ஒண்ணும் கிடையாது. வேளாங்கண்ணிக்குப் போனா நானும் ஏத்திட்டுத்தான் வருவேன். வீட்டுல நல்ல வாசம் வேணும்னு நினைக்கிறதும் தப்பில்லை. நான் சண்டை போடுறது அந்த 'பருவம்'ங்கிற வார்த்தைக்காக. பருவம்னா என்னன்னு தெரியாதவங்க அதை டப்பாவுல அடைச்சு விக்கிறாங்க, தெரிஞ்ச நாமளும் வாங்கிக்கிட்டு வர்றோம்.

இந்தப் பழக்கம் வந்த ஊரைப் பாத்தா அதுல ஒரு நியாயம் இருக்கு. அமெரிக்காவுல 1969ல மைக்கேல் கிட்ரெட்ஜ்னு ஒரு பள்ளிக்கூடப் பையன், அம்மாவுக்குப் பரிசு வாங்கக் காசில்லாம கலர் கிரேயான உருக்கி மெழுகுவர்த்தி செஞ்சான். அதுல ஆரம்பிச்சதுதான் யாங்கி கேண்டில்ங்கிற பெரிய கம்பெனி. அவன் இருந்த மாசசூசெட்ஸ்ல குளிர்காலத்துல பனி கொட்டும். மாசக்கணக்குல ஜன்னலைத் திறக்க முடியாது, மரத்துல இலை இருக்காது, நாலரை மணிக்கே இருட்டிரும். அடைச்ச வீட்டுக்குள்ள உக்காந்திருக்கிறவனுக்கு பைன் மர வாசமோ பட்டை வாசமோ வேண்டித்தான் இருக்கும். வெளிய ஒண்ணுமே இல்லாததால உள்ள ஒண்ணை ஏத்தி வச்சுக்கிட்டான்.

அங்க இலையுதிர் காலம் வந்துட்டா 'பம்ப்கின் ஸ்பைஸ்'ங்கிற வாசனைதான் எங்க பாத்தாலுமாம். பூசணி மசாலா. நான் அதுல பூசணிக்காய் இருக்கும்னு நினைச்சேன். இல்லையாம். பூசணிக்காய் பலகாரத்துல போடுற பட்டை, கிராம்பு, ஜாதிக்காய், சுக்கு, அதுகளோட வாசனை அது. இந்த நாலுல ஒண்ணாவது பனி பெய்யுற ஊர்ல விளையுமா? கிராம்பு நம்ம கன்னியாகுமரி மலையில விளையுது. அவங்க பருவத்து வாசனையே அடுத்தவன் மலைச்சரக்கு! இங்க மார்கழியில வாசல்ல சாணி உருண்டை வச்சு அதுல நிஜப் பூசணிப்பூவைச் செருகுறோம். அந்தப் பூவுக்கு வாசம்னு பெருசா கிடையாது. சாணி தெளிச்ச ஈர வாசல், பனி, அதுகூட கொஞ்சம் வைக்கோல் புகை, இதெல்லாம் சேந்ததுதான் மார்கழி வாசம். இதை எவனாவது டம்ளருக்குள்ள ஊத்தட்டும், நான் முதல் ஆளா வாங்குறேன்.

நமக்குத்தான் வருஷம் பூரா வெளிய ஏதாவது ஒரு வாசம் இருந்துக்கிட்டே இருக்கே. தையில மாம்பூ. தோப்புக்குள்ள நுழைஞ்சா தலை கிறுகிறுங்கும். பங்குனி சித்திரையில வேப்பம்பூ, ராத்திரி திண்ணையில படுத்தா மூக்குக்கு நேரா வரும். நெல்லு பால் பிடிக்கிறப்ப ஒரு வாசம், அறுத்துப் போட்டா வேற வாசம். வேலி ஓரத்துல மருதாணி பூத்தா தெருவுக்கே தெரியும். இதுக்கெல்லாம் காசு கிடையாது, ஜன்னலைத் திறந்தாப் போதும். டவுன்ல கொசுன்னு சொல்லி, தூசின்னு சொல்லி, ஏசி காத்து வெளிய போயிரும்னு சொல்லி, மூணு பக்கமும் அடைச்சுட்டு அப்புறம் உள்ள இருந்து 'சம்மர் பிரீஸ்'னு ஒண்ணைக் கொளுத்துறாங்க. கோடைக்காத்துன்னா எங்க ஊர்ல மண்ணை வாரி மூஞ்சியில அடிக்கும்.

மல்லிக்கு வருவோம். எனக்கு 60 சென்ட்ல மல்லி. பதியன் தங்கச்சிமடத்துல இருந்து வந்தது. ராமேஸ்வரத்துக்குப் போற வழியில இருக்கே அந்தத் தங்கச்சிமடம், அந்த மணல்ல வேர் பிடிச்ச நாத்துதான் தமிழ்நாட்டுல பாதித் தோட்டத்துல நிக்குது. கார்த்திகை கடைசியில கவாத்து பண்ணுவோம். அப்ப பாத்தா தோட்டம் மொட்டைக் குச்சியா நிக்கும், வாசமும் இருக்காது வருமானமும் இருக்காது. மார்கழி, தைப் பனியில மொட்டு கட்டாது. அங்கொண்ணு இங்கொண்ணு வர்ற மொட்டுக்குத்தான் அந்த நேரத்துல கிலோ 2,000, 3,000னு பேப்பர்ல போடுவாங்க. 'மல்லி விலை கிடுகிடு, விவசாயிகள் மகிழ்ச்சி'ன்னு. மகிழ்ச்சியா! கிலோ மூவாயிரம் விக்கிற அன்னைக்கு என் தோட்டத்துல கால் கிலோ தேறாது.

மாசி பாதியில துளிர் விட்டு பங்குனியில இருந்து கொட்ட ஆரம்பிக்கும். ஆனி வரைக்கும் ஒருநாள் விடாம எடுக்கணும். மல்லி காத்திருக்காது. இன்னைக்கு எடுக்காத மொட்டு சாயந்தரம் செடியிலயே விரிஞ்சுரும், விரிஞ்ச பூவை மாலை கட்டுறவங்க வாங்க மாட்டாங்க. அதனால விடியுறதுக்கு முன்னாடியே தலையில லைட்டைக் கட்டிக்கிட்டு இறங்குறோம். ஒரு கிலோவுக்கு நாலாயிரம் மொட்டாவது வேணும். நாலாயிரம் தடவை குனிஞ்சு கிள்ளணும். மொட்டுப்புழு, செம்பேன், பூ ஈ, இதுக்கெல்லாம் மருந்து அடிக்கணும். உண்மையைச் சொன்னா எங்க கோடைகால மல்லி வாசத்துல பாதி நாள் மருந்து வாசமும் கலந்துதான் இருக்கும். அதையும் மெழுகுல சேப்பாங்களா?

இதுதாங்க சீசன். பூ நிறைய வர்ற நேரம், விலை இல்லாத நேரம். கடைக்காரங்க 'சீசன்'னா சந்தோஷமா சொல்றாங்க, எங்க பக்கம் 'சீசன் வந்துருச்சு'ன்னா கவலையோட சொல்றது. விலை ரொம்ப இறங்குனா மிச்சப் பூவைச் சென்ட் கம்பெனிக்குப் போடுவோம். எங்க பக்கமும் இருக்கு, சத்தியமங்கலம் பக்கமும் இருக்கு. அவங்க விலை ஒண்ணும் பெருசில்லை, ஆனா குப்பையில கொட்டுறதுக்கு அது தேவலை. அரசாங்கமே ஒரு சென்ட் ஃபேக்டரி வைக்கணும்னு நிலக்கோட்டை பக்கம் தேர்தலுக்குத் தேர்தல் கேக்குறோம், அவங்களும் தேர்தலுக்குத் தேர்தல் தர்றோம்ங்கிறாங்க. 60 சென்ட் நிலம் வச்சிருக்கிறவனுக்கு அந்தச் சென்ட் எட்டவே மாட்டேங்குது.

அந்த ஃபேக்டரி சமாச்சாரம் தெரிஞ்சதாலதான் எனக்கு இந்த டப்பா கணக்கு உதைக்குது. பூவை ஹெக்சேன்ங்கிற கரைப்பான்ல ஊற வச்சு, கரைப்பானை ஆவியா பிரிச்சு எடுத்தா அடியில மெழுகு மாதிரி ஒண்ணு நிக்கும். அதுக்குப் பேரு கான்கிரீட். வீடு கட்டுற கான்கிரீட் இல்லை, வாசனைக் கான்கிரீட். பிச்சிப்பூவுல ஆயிரம் கிலோ போட்டா மூணு கிலோ சுமாருக்கு வரும். குண்டுமல்லியில ரெண்டு கிலோகூட முழுசா தேறாது. அதை இன்னும் சுத்தம் பண்ணி வெளிநாட்டுக்கு அனுப்புற சாறு எடுத்தா அளவு இன்னும் குறையும்.

இப்பக் கணக்குப் போடுங்க. அந்தக் கல்யாண டப்பாவுல 200 கிராம் மெழுகு. மெழுகுல நூத்துக்கு எட்டுப் பங்கு மாதிரி வாசனை எண்ணெய் சேக்குறாங்க, அது 16 கிராம். அந்த 16 கிராமும் நிஜ மல்லி கான்கிரீட்டா இருக்கணும்னா பத்து கிலோ பூ வேணும். பத்து கிலோன்னா நாப்பதாயிரம் மொட்டு. கிலோ நூறு ரூபாய்ன்னு அடிமாட்டு விலைக்கே போட்டாலும் பூவுக்கு மட்டும் ஆயிரம் ரூபாய். டப்பாவுல போட்டிருக்கிற விலை 349! கண்ணாடி, மெழுகு, திரி, படம், கடைக்காரர் லாபம் எல்லாம் அதுக்குள்ள. நான் பத்தாவதுதான் படிச்சேன், ஆனா இந்தக் கணக்குக்குப் பத்தாவதே அதிகம். அதுக்குள்ள என் தோட்டத்துப் பூவும் இல்லை, எந்தத் தோட்டத்துப் பூவும் இல்லை.

அப்ப என்ன இருக்கு? பென்சைல் அசிடேட்னு ஒரு சரக்கு. நிஜ மல்லியிலயும் அது உண்டு, அதோட இனிப்பான வாசத்துக்கு அதுவும் ஒரு காரணம். அதை ஆலையில டன் கணக்குல செய்யலாம், மழை வேணாம், பதியன் வேணாம், விடியக்காலையில எந்திரிக்கவும் வேணாம். மெழுகு பெரும்பாலும் பாரஃபின், பெட்ரோலியத்துல இருந்து வர்றது. செயற்கைன்னாலே விஷம்னு கூப்பாடு போடுற ஆள் நான் இல்லை. நான் யூரியாவும் போடுறவன்தான். அடைச்ச ரூமுக்குள்ள எதைக் கொளுத்தினாலும் கரி கிளம்பும், ஜன்னலைத் திறந்து வைங்க, அம்புட்டுதான் அதைப் பத்திச் சொல்றதுக்கு. என் கோவம் வேற. பூவே இல்லாம பூவோட பேரை எடுத்துக்கிட்டாங்க, விவசாயியே இல்லாம அவனோட பருவத்தை எடுத்துக்கிட்டாங்க.

'மதுரை மல்லி'ன்னே பேர் போட்ட டப்பாவும் பாத்தேன். மதுரை மல்லிக்கு 2013ல புவிசார் குறியீடு கிடைச்சுது. இந்த மண்ணுல, இந்த வெயில்ல விளையுற பூவோட தடிச்ச இதழுக்கும் நின்னு வீசுற வாசத்துக்கும் கிடைச்ச பேரு அது. பெட்ரோலிய மெழுகு எந்த ஊர்ப் பூ?

'ஏன்யா, மெழுகுவர்த்தி வாங்குறவன் பூ வாங்குறதை நிறுத்திட்டானா? தலையில யாரு மெழுகுவர்த்தியை வைக்கப் போறா?'ன்னு கேப்பீங்க. நல்ல கேள்விதான். என் பூ விலை விழுந்ததுக்கு மெழுகுவர்த்தி காரணம்னு நான் சொல்லலை. வரத்து கூடுனா விலை விழும், அது மெழுகுவர்த்தி வர்றதுக்கு முன்னாடியும் விழுந்துக்கிட்டுதான் இருந்துச்சு. ஆனா போறது வேற ஒண்ணு. மூக்கு போகுது.

போன சித்திரையில எங்க அக்கா மகன் குடும்பத்தோட பெங்களூருல இருந்து வந்திருந்தான். அவன் மகளுக்கு எட்டு வயசு. ராத்திரி எட்டு மணி இருக்கும், எடுக்காம விட்ட பூவெல்லாம் விரிஞ்சு தோட்டமே மணக்குது. கூட்டிட்டுப் போயி, 'மோந்து பாரு கண்ணு'ன்னேன். மூக்கைச் சுளிச்சுக்கிட்டா. "தாத்தா, இது ஒரு மாதிரி நாறுது. எங்க வீட்டு மல்லிதான் நல்லா இருக்கும்"ன்னா. அவங்க வீட்டுல மல்லிச் செடி கிடையாது, ஏழாவது மாடி. அவ சொன்னது மெழுகுவர்த்தி.

பிள்ளை மேல தப்பில்லை. நிஜ மல்லியில இந்தோல்னு ஒண்ணு கொஞ்சூண்டு இருக்கும். தனியா எடுத்து மோந்தா சாணி மாதிரி, அழுகுன மாதிரி நாறுமாம். அந்தக் கொஞ்சூண்டுதான் மல்லிக்கு அந்தக் கனத்தைக் குடுக்குது, ராத்திரியில ஆளை இழுக்குற வாசம் அதுல இருந்துதான் வருது. டப்பா மல்லியில வெறும் இனிப்புதான் தூக்கலா இருக்கு, அந்தக் கனத்தைக் காணோம். அதை மட்டுமே மோந்து வளந்த பிள்ளைக்கு நிஜப்பூ நாறத்தான் செய்யும். இன்னும் பதினஞ்சு வருஷத்துல அந்தப் பிள்ளைக்குக் கல்யாணம் ஆகும். அவ தலையில பூ வைப்பாளா, ஸ்ப்ரே அடிச்சுக்குவாளா? என் 60 சென்ட்டுக்கு அப்ப யாரு வாங்குற ஆளு? பூ விலை இன்னைக்கு விழுந்தா நாளைக்கு ஏறும். பூ வேணும்ங்கிற ஆசையே விழுந்துட்டா அதை ஏத்துறதுக்கு மார்க்கெட்டு கிடையாது.

வாசத்தைப் பிடிச்சு வைக்கவே கூடாதுன்னும் நான் சொல்லலை. உத்தரப்பிரதேசத்துல கன்னோஜ்னு ஒரு ஊர். அங்க மழை வாசத்தையே பிடிக்கிறாங்க, தலைமுறை தலைமுறையா. சுட்ட களிமண்ணை செப்புப் பாத்திரத்துல தண்ணி ஊத்திக் காய்ச்சி, அந்த ஆவியைச் சந்தன எண்ணெயில இறக்குறாங்க. மிட்டி அத்தர்னு பேரு. 1964ல பேர், தாமஸ்னு ரெண்டு ஆஸ்திரேலிய விஞ்ஞானிங்க முதல் மழை பட்டதும் மண்ணுல கிளம்புற வாசத்தை ஆராய்ச்சி பண்ணி அதுக்கு 'பெட்ரிக்கோர்'னு பேரு வச்சாங்க. அவங்க கட்டுரையிலயே இந்த உத்தரப்பிரதேசத் தொழிலைப் பத்திச் சொல்லியிருக்காங்க. விஞ்ஞானி பேரு வைக்கிறதுக்கு முன்னாடியே நம்மாளு குப்பியில அடைச்சு வித்துட்டான். ஆனா அவன் மண்ணைப் போட்டு மண்வாசனை எடுத்தான் பாருங்க. குயவன் சுட்ட களிமண்ணு, விறகு அடுப்பு, பக்கத்துல உக்காந்து தணல் பாக்குற ஆளு, இத்தனையும் அந்தக் குப்பிக்குள்ள இருக்கு. அதுக்கு என்ன விலை சொன்னாலும் தகும்.

எங்க அக்கா மகன் சமாச்சாரத்துக்கு வர்றேன். வேலை பாத்துக்கிட்டே வீட்டுல மெழுகுவர்த்தித் தொழில் ஆரம்பிச்சிருக்கான். சும்மா சொல்லக்கூடாது, நல்ல உழைப்பாளி, நாலு பொம்பளைங்களுக்கு வேலை குடுக்குறான். போன மாசம் போன் பண்ணினான்.

"மாமா, நம்ம தோட்டத்துல விடியக்காலையில பூ எடுக்குற மாதிரி நாலஞ்சு போட்டோ வேணும். அத்தை கூடையோட நிக்கிற மாதிரி ஒண்ணு."

"எதுக்கு மாப்ள?"

"பாக்ஸ்ல போடணும் மாமா. விவசாயி தோட்டத்துல இருந்து உங்கள் வீட்டுக்குன்னு."

"என் தோட்டத்துல இருந்து என்னப்பா அந்த பாக்ஸுக்குள்ள வருது?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அந்த ஃபீல்தான் மாமா"ன்னான்.

ஃபீல்! போட்டோவுக்கு ஐயாயிரம் தர்றேன்னான். அந்த வாரப் பூக் காசை விட அது ஜாஸ்தின்னு அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "பூவுக்குக் காசு குடு மாப்ள, போட்டோவைச் சும்மாவே தர்றேன். சித்திரையில ஒரு இருநூறு கிலோ எடுத்துக்கோ, சென்ட் கம்பெனியில குடுத்து கான்கிரீட்டா வாங்கு, அதுல ரெண்டு சொட்டாவது உன் மெழுகுல போடு"ன்னேன். அப்படிப் போட்டா டப்பா விலை எங்கயோ போயிரும், ஜனங்க வாங்க மாட்டாங்க, பக்கத்துக் கடைக்காரன் 349க்கு விக்கிறான்னு அவன் கணக்கைச் சொன்னான். அவன் கணக்கும் சரிதான். என் வீட்டம்மா அடுப்படியில இருந்து கேட்டுக்கிட்டே இருந்துட்டு, "எம் பூ இல்லாத டப்பா மேல நான் எதுக்கு நிக்கணும்? என் நாலாயிரம் குனியலை எவளோ ஃபேனடியில உக்காந்து மோந்து பாக்கிறதுக்கா?"ன்னுச்சு. போட்டோ குடுக்கலை. அக்காவுக்கு என் மேல வருத்தம்.

அவன்கிட்ட சொன்னதைத்தான் இந்தத் தொழில்ல இருக்கிற எல்லாருக்கும் சொல்றேன். பூ போட்டா பூ போட்டேன்னு எழுது, எவ்வளவு போட்டேன்னு எழுது, எந்த ஊர்ப் பூன்னும் எழுது. போடலைன்னா 'மல்லி மாதிரி வாசனை, ஆலையில செஞ்சது'ன்னு கொட்டை எழுத்துல போட்டுட்டு தாராளமா வித்துக்கோ, உன் தொழில் உனக்கு. பூந்தோட்டத்துப் படமும் கூடை தூக்குற பொம்பளை படமும் மட்டும் வேணாம். ஊதுபத்திக்காரங்களை மட்டும் விட்டுட்டியேன்னு கேட்டா, அவங்களுக்கும் இதே சட்டம்தான். ஆனா ஊதுபத்தி சாமிக்குன்னு வித்தாங்க, சித்திரை மாசத்தையே உள்ள அடைச்சிருக்கோம்னு யாரும் புளுகலை.

வாங்குறவங்களுக்கு ஒண்ணு. பருவத்து வாசம் வேணும்னா அந்தப் பருவத்துல வாங்குங்க. சித்திரை வைகாசியில டவுன்லயே கால் கிலோ உதிரி மல்லி அந்த மெழுகுவர்த்தி விலையில பத்துல ஒரு பங்கு, கூடப்போனா அஞ்சுல ஒரு பங்கு இருக்கும். மத்தியானத்துக்கு முன்னாடி வாங்குங்க, மொட்டு கெட்டியா வெள்ளையா இருக்கணும், காம்பு பச்சையா இருக்கணும். பாலிதீன் கவர்ல கட்டி வைக்காதீங்க, வேர்த்துப் பழுத்துரும். ஈரத்துணியில சுத்தி நிழல்ல வைங்க. பொழுது சாயுறப்ப ஒரு தாம்பாளத்துல பரப்பி லேசா தண்ணி தெளிச்சா ஏழு எட்டு மணிக்கு ஒண்ணொண்ணா விரியும். வீட்டுல பிள்ளைங்க இருந்தா பக்கத்துல உக்கார வைங்க, விரியுறதைக் கண்ணால பாக்கலாம். காலையில வாடிப்போகும், தொட்டிச் செடிக்கு உரமா போட்டுருங்க. மார்கழியில மல்லி கிடைக்கலைன்னா மரிக்கொழுந்து வாங்குங்க, சம்பங்கி வாங்குங்க. ஆறு மாசம் மல்லி இல்லாம இருந்தாத்தான் பங்குனியில முதல் மொட்டு வர்றப்ப அதுக்கு ஒரு மரியாதை இருக்கும்.

ஆவணியில எங்க தெருவுல ஒரு கல்யாணம். பொண்ணோட அப்பாகிட்ட பேசிட்டேன். வாசல்ல ரெண்டு கூடை மல்லி, வர்ற பொம்பளைங்களுக்கு ஆளுக்கு ரெண்டு முழம், கட்டுறதுக்கு எங்க தெருவுலயே ஆறு பேரு இருக்காங்க, பூவுக்கு அன்னைக்கு மார்க்கெட்டு விலைதான் வாங்குவேன்னு சொல்லிட்டேன். அவரும் சரின்னுட்டார். ஆனா அவர் மகன் முன்னூறு மெழுகுவர்த்திக்கு ஏற்கனவே அட்வான்ஸ் குடுத்துட்டானாம், திருப்பித் தர மாட்டேங்கிறாங்களாம். அதனால பையில அதுவும் இருக்கும்.